பிள்ளையாருக்கு வைத்த கோரை

வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கும் மணலுக்கும் நடுவே செழித்து நின்ற அந்தப் பச்சையை மேனகா அறுகம்புல் என்றே நம்பியிருந்தாள். வெயிலோ மழையோ, பறித்த இடத்திலேயே மறுபடி முளைத்துவிடும். கணவர் ஜீவராஜ் பாரிசவாதத்தில் விழுந்து பேச்சிழந்த பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் அதில் மாலை கட்டி வீட்டுப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டுத்தான் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போவாள். அவர் ஒரு சொல்லாவது பேசவேண்டும். அதற்காகத்தான் இந்த நேர்த்திக்கடன்.

அன்று சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டு யோசெப்பின், பாதி கட்டிய மாலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன பிள்ள இது? அறுகு எண்டா தண்டில கணு இருக்குமே. இந்தத் தண்டில ஒண்டையும் காணேல்லை."

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துற உங்களுக்கு அறுகப் பற்றி என்னக்கா தெரியும்?"

"எங்கட அந்தோனியார் புல்லுக் கேக்கிறதில்லத்தான். ஆனா உருட்டிப் பாரன், மூலை குத்துது."

மேனகா உருட்டிப் பார்த்தாள். மூன்று விளிம்புகள்! பதறிப்போய் இன்னொன்றை எடுத்தாள். அது உருண்டை, கணுவும் இருந்தது. அடுத்தது மறுபடி முக்கோணம். எல்லாம் கலந்து கிடந்தன. யோசெப்பின் தன் ஃபோனில் படம் எடுத்துத் தேடினாள். இலைக்கு ஒரு பெயர் வந்தது, பூவுக்கு வேறு பெயர்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் என்னத்தை வைச்சனான்? அதாலதானோ இவர் இன்னும் பேசேல்லை?" மேனகாவின் கண்ணீர் மாலையிலேயே சொட்டியது.

கட்டிலில் கிடந்த ஜீவராஜ் இடது கையை நீட்டினார். அவர் பரந்தனில் வயற்காரர் மகன். இளமையில் நெல்லுக்குள் களை பிடுங்கிய விரல்கள் ஒரு தண்டை வாங்கி மெல்ல உருட்டின. உதடுகள் நடுங்கின.

"கோ... கோரை."

"யேசுவே!" என்று அலறினாள் யோசெப்பின். மேனகா கணவரின் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். சற்று நேரத்தில் தேம்பல் நின்றது. நிமிர்ந்தாள்.

"அக்கா, சுத்தமான அறுகு வைக்காமலே பிள்ளையார் தந்திட்டாரா? இல்லாட்டி இது அவர் தந்ததே இல்லையா?"

"என்னட்டக் கேக்காத. எனக்கும் தலை சுத்துது."

மேனகா மாலையைக் கணவரிடமே நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கோப்பா. இதைச் சாத்தவா, எறியவா?"

தனக்குத் திரும்பக் கிடைத்த அந்த ஒரே சொல்லை, அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கோரை... கோரை... கோரை."