தைப்பூசத்தன்று சாகாத செல்கள்

என் தங்கை தனுஜாவுக்கு முப்பத்து மூன்று வயது. பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்த்து, மருந்து ஊற்றிப் பார்ப்பது அவள் வேலை. நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். துறைமுகத்தில் கண்டெய்னர்களின் எண்களையும், கதவில் போட்ட சீல் முத்திரைகளின் எண்களையும் சரிபார்க்கிறேன். தான் சோதித்துவந்த மருந்தை எனக்கு அவள் இப்படி விளக்கினாள்:

"மோட்டார் சைக்கிள ஃப்ரீ கியர்ல போட்டு முறுக்குற மாதிரி அண்ணே. எண்ணெய் எரியும், சூடாகும், வண்டி நகராது. செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவ இது அப்படி ஆக்கிடும். சக்தி இல்லாம செல் செத்துரும்."

இரண்டு வருடமாக ஒவ்வொரு சோதனையிலும் செல்கள் செத்தன. அதை எழுதிய கட்டுரையைத் திங்கட்கிழமை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கூடத்தில் அவளோடு வேலை செய்யும் இருவர் பெயரும் அதில் இருந்தன.

தைப்பூசத்துக்குக் கூடம் இரண்டு நாள் மூடல். செல்கள் பட்டினி கிடக்குமே என்று, அதற்கு முந்தின நாள் மருந்தோடு சீரத்தையும் ஊற்றிவிட்டு வந்தாள். சீரம் என்பது ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதத் தீனி. மருந்து ஊற்றும் நாளில் வழக்கமாக அதைச் சேர்க்கமாட்டாள். மனம் கேட்காமல், ஊரே காவடிக்குப் பின்னால் நின்ற காலையில் செல்களைப் பார்க்கக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தோடு நான் போனபோது, அந்தப் பெரிய கட்டடத்தில் அவள் ஒருத்திதான். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தைப்பூசத்துக்குக்கூட உன் செல்லுங்க லீவு குடுக்காதா?"

"அதுங்க ஜம்முன்னு இருக்குலா. சாகவே இல்ல."

"ஏன்?"

"சீரத்துல இருக்கிற புரதம் மருந்தப் புடிச்சி வச்சிக்கிச்சி. நோயாளி ரத்தத்துல புரதம் இதவிட அதிகம் அண்ணே. அங்க இது வேலை செய்யாது."

"தீனி ஊத்தினது நீ. யாரும் பாக்கல. கொட்டிட்டுப் பேசாம இரு."

"சீல் நம்பர் ஒண்ணு மாறியிருந்தா, யாரும் பாக்கலன்னு நீ கண்டெய்னர விடுவியா?"

விடமாட்டேன். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

சீரம் சேர்த்து மூன்று முறை செய்து பார்த்தாள். சாகவில்லை. திங்கட்கிழமை கட்டுரைக்குப் பதில் அந்த முடிவைக் கூடத்தை நடத்தும் பேராசிரியருக்கு அனுப்பினாள். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. கட்டுரையில் பெயர் இருந்த அந்த இருவரும் இப்போது அவளை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்தால், கூடத்தில்தான் இருக்கிறாள். புரதத்திடம் சிக்காத ஒரு மருந்தைத் தேடுகிறாளாம். பின்னால் வேறு யார் குரலும் கேட்பதில்லை.