முகத்தில் வந்த களை

என் முகம் உருண்டு பளபளத்த அந்த ஒன்பது மாதமும் ஊரே என்னைப் பாராட்டியது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

புஞ்சாக் ஆலாமில் ஒரு கெண்டீனில் சமைக்கிறேன். நின்று நின்றே முட்டி போய்விட்டது. கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்து லயத்தில், அந்தப் பழைய வரிசை வீட்டில், இன்னும் குடியிருக்கும் என் அக்கா மூலிகைக் கப்சூல் விற்பவள். ஒரு டப்பாவைக் கையில் திணித்தாள்.

"எல்லாம் வேரும் எலையும்தான். பயப்படாம சாப்பிடுலா."

அக்கா பேச்சை நான் எப்போது தட்டியிருக்கிறேன்? தினம் ஒன்று விழுங்கினேன்; தீரத் தீர அவளே அடுத்த டப்பாவைத் தந்தாள். ஒரே வாரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. பிறகு கன்னம் உப்பியது, வயிறு தள்ளியது, சட்டி லேசாக இடித்தாலே கை கன்றிப்போனது. ஞாயிறுதோறும் அக்கா என் முகத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பாள். "இப்பதான் ஒனக்கு மூஞ்சில களையே வந்திருக்கு."

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கப்சூலின் மேலோடு மாட்டு எலும்பில் செய்வது என்று கெண்டீனில் யாரோ சொன்னார்கள். விரதத்தில் அதை விழுங்கலாமா? அன்றே நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஓயாத வாந்தி. நான்காம் நாள் கோயில் வாசலில் விழுந்தேன். அருள் வந்துவிட்டதென்று ஓர் அம்மாள் திருநீறு பூசினாராம். நல்லவேளை, வேறு யாரோ ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவமனையில், வீட்டிலிருந்த டப்பாவை வரவழைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. தமிழ் டாக்டர் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினார்.

"கிட்னி மேல ரெண்டு சின்ன சுரப்பி இருக்கும்மா. அதுல ஊறுற கார்ட்டிசோல்தான் பிரஷரும் சீனியும் விழாம பாத்துக்குது. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிதான் அதுக்கு உத்தரவு போடும். இந்த மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே ரத்தத்துல நெறஞ்சதும், போதும்னு பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திருச்சு. கீழ உள்ளது வேலையில்லாம சுருங்கிப் போச்சு. நீங்க மருந்தையும் டப்புனு நிறுத்திட்டீங்க."

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இது புரியாதா? ஆபீசில் இருக்கும் கிராணி சொல்லாமல், வேலை வாங்கும் மண்டோர் ஆளை வேலைக்கு இறக்கமாட்டார். என் சுரப்பிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவையும் என்னைப் போல நம்பி ஏமாந்தவைதான். அவை விழிக்க மாதக்கணக்காகலாமாம்; அதுவரை ஆஸ்பத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

அக்காவையும் எவனோ ஏமாற்றியிருப்பான் என்று டாக்டரிடம் அவளுக்காக வாதாடினேன். அவளுக்கும் என்னைப் போலவே முட்டிவலி; அவளும் இதைத்தானே விழுங்கிக்கொண்டிருப்பாள். விஷயம் தெரிந்து அவளும் சட்டென்று நிறுத்தி எங்காவது விழுந்துவிட்டால்? அந்தப் பதற்றத்தில், வீடு திரும்பிய மறுநாளே லயத்துக்கு ஓடினேன்.

அக்கா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ அந்தக் கப்சூல ஒடனே நிறுத்திடாத. டாக்டர்கிட்ட காட்டித்தான் கொறைக்கணும்," என்றேன் மூச்சு வாங்க.

"நான் எங்கலா அத சாப்பிட்டேன்? மூஞ்சி வீங்கும்னு எனக்கு மொதல்லயே தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒன்பது மாதம் என் முகத்தை ஏந்திப் பார்த்தவள், இப்போது அதைப் பார்க்காமல் தைலத்தை மூடினாள்.

"உக்காரு, தேத்தண்ணி போடுறேன்."

நான் உட்காரவில்லை.