கைப்பிடியில் நடுக்கம் இல்லை

சர்வீஸ் முடிந்த எந்த வண்டியும், அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து "விட்டுடலாம்" என்று சொல்லாமல் அந்த ஒர்க்‌ஷாப்பின் வாசலைத் தாண்டாது. விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் மட்டும் வருகிற இடம். தரையிலேயே முகம் பார்த்துத் தலை வாரலாம். அங்கே எல்லோரும் அவனை நாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பிடியைப் பிடித்தால் போதும், எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்பதால் வந்த பெயர்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். வரலாறு படித்தான். அப்பாவுக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. "ராஜா கதையெல்லாம் படிச்சிட்டுக் கடைசியில குதிரை ஓட்டப் போயிட்டான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நாடியும் கூடச் சிரித்துவைப்பான். பட்டம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. கை எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால் சொல்வான்.

அந்த வண்டிகள் மேல் அவனுக்குப் பிரியம் உண்டு. டேங்க் மூடி உட்காரும்போது வருகிற அந்த 'டக்' சத்தம். சீட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத தகட்டிலும் ஓரத்தை இழைத்து மழுக்கியிருப்பார்கள், விரலைக் கிழிக்காது. முகம் தெரியாத யாரோ ஒருவர் இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறாரே என்று ஓட்டும்போது நினைத்துக்கொள்வான்.

விரல் நுனிகள் எப்போது மரத்தன என்று அவனுக்கே நினைவில்லை. ஆரம்பத்தில் நட்டு முடுக்குகிற ஏர் கன்னோடு பல வருடம் மல்லுக்கட்டினான். பிறகு பொழுதெல்லாம் வண்டி. முதலில் காலையில் மட்டும் மரத்திருந்தது. அப்புறம் எந்நேரமும். வலி இல்லை. வலித்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பான்.

ஒருநாள் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து போட்டுவிட்டாள்.

"என்ன, புது மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க? தினமும் நானே போட்டு விடணுமா?"

"போட்டா குறைஞ்சா போயிடுவ?"

அவள் அவன் விரல்களைத் தொட்டாள். "ஐஸ் மாதிரி இருக்கு. யார்கிட்டயாவது காட்டுங்களேன்."

"பாக்கலாம்."

பார்க்கவில்லை. காது இருந்தது, வண்டியைக் கவ்விப் பிடிக்கத் தொடை இருந்தது. அவற்றை வைத்து ஒப்பேற்றினான். இது ஏமாற்று வேலையா என்று எப்போதாவது தன்னையே கேட்டுக்கொள்வான்.  அந்தக் கேள்வியும் உறுத்தாது.

பல் டாக்டரம்மாவின் வண்டி மூன்றாவது முறையாக வந்தது. முன்பு இரண்டு முறையும் ஒரே புகார்: ஓட்டி இறங்கினால் கை விறுவிறு என்கிறது. இரண்டு முறையும் நாடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "கைப்பிடியில நடுக்கம் இல்ல, விட்டுடலாம்" என்றான். இந்த முறை அவர் புகாரோடு வரவில்லை. வண்டியை விற்க வந்திருந்தார்.

"வண்டியைக் குறை சொல்லலை," என்றார் ஃபோர்மேனிடம். "இவ்வளவு நேர்த்தியா செஞ்ச வண்டியில என்ன தப்பு இருக்கப் போகுது? என் நரம்புலதான் ஏதோ. பல்லுல வேலை செய்யும்போது விரல்தான் எனக்குச் சொல்லணும். இப்ப அது சொல்றதை நம்ப முடியலை. கிளினிக்கை மூடிடலாம்னு இருக்கேன்."

"அடடா," என்றார் ஃபோர்மேன். விலை பேசுவதற்கு முன் ஒருதரம் பார்த்துவிடு என்று சாவியை நாடியிடம் நீட்டினார்.

நாடி வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகியபடியே குனிந்து கைப்பிடியில் கன்னத்தை வைத்தான்.

பக்கத்தில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த வாட்டர் சர்வீஸ்காரன், "என்ன நாடி, முத்தம் குடுக்குறியா? அது பொண்ணு இல்லப்பா," என்றான்.

கன்னம் கிடுகிடுத்தது. நடுக்கம் கடைவாய்ப்பல் வரைக்கும் ஏறியது.

ஹேண்டில்பாரைக் கழற்றினார்கள். அதிர்வு கைக்கு ஏறாமல் தாங்குவதற்காக அடியில் வைத்திருக்கிற ரப்பர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத சாமான்.

"இவ்வளவுதான் விஷயம்," என்றார் ஃபோர்மேன். "இப்பதான் கிழிஞ்சிருக்கும் மேடம். முன்னாடி ரெண்டு தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம ஆள் பாத்தா தப்பவே தப்பாது."

டாக்டரம்மா ரப்பரைப் பார்க்கவில்லை. தன் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"அப்ப அந்த ரெண்டு தடவையும் என் கைதானா," என்றார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்பது நாடிக்குத் தெளிவாகத் தெரிந்தது. ரப்பரை மாற்றிவிடுவார்கள். அவன் நாளைக்கும் நாடியாக இருப்பான். இந்த அம்மா கிளினிக்கை மூடுவார். பயமோ இரக்கமோ ஏதாவது ஒன்று வந்து தன்னைத் தள்ளும் என்று காத்திருந்தான். எதுவும் வரவில்லை. சும்மாவே பேசினான்.

"கிழிஞ்ச ஓரம் தேஞ்சு வழவழன்னு இருக்கு பாருங்க. பழைய கிழிசல். அப்பவும் நடுங்கித்தான் இருக்கும். உங்க கை சரியாத்தான் சொல்லியிருக்கு டாக்டர். என் கைக்குத்தான் தெரியலை. ரொம்ப நாளாவே தெரியலை."

வாட்டர் சர்வீஸ்காரன் குழாயை நிறுத்தினான். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் ரப்பரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாப்பா? எத்தனை வண்டியை வெளிய விட்டிருக்கோம்."

"ஆமாண்ணே."

 ஃபோர்மேன், இன்று ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டிகளின் சாவிகளைச் சுவரிலிருந்து எடுத்துப் போய் வாட்டர் சர்வீஸ்காரனிடம் கொடுத்தார். அவன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் டாக்டரம்மா அவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அவன் வலது கையைத் தன் மடியில் இருந்த கைப்பையின் மேல் விரித்து வைத்திருந்தார்.

"அங்க என்ன பார்வை? கண்ணை மூடிக்குங்க," என்றார். கையில் பேனா இருந்தது. "ஒவ்வொரு விரலா குத்துவேன். தெரிஞ்சதும் சொல்லணும்."

மூடிக்கொண்டான். வெளியே ஒரு வண்டி கிளம்பி, கியர் மாறி, தெருமுனையில் திரும்பியது. கிளட்ச்சைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிட்டான் என்று நினைத்தான். அது திரும்பி வந்து நின்றது, இன்னொரு வண்டி கிளம்பிப் போனது.

"நான் ரெடி டாக்டர்," என்றான். "ஆரம்பிங்க."

அவன் ஐந்து விரல் நுனிகளிலும் மைப்புள்ளிகள் இருந்தன. டாக்டரம்மா பேனாவை மூடினார்.