முதலாளி முன்னால் கேட்ட கேள்வி

தொழிலாளர் துறை ஆய்வாளராகத் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த புதிதில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பாருக்கு ஆய்வுக்குப் போனேன். முதலாளி பக்கத்தில் நிற்க, மேசை துடைத்துக்கொண்டிருந்த சப்ளையரிடம், "வாரத்துல ஒரு நாள் லீவு குடுக்குறாங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்குறாக மேடம். போன வாரங்கூட வேடசந்தூர் போயிட்டு வந்தேன். எம்மக ரோட்டுக்கே ஓடி வந்துருச்சு. தூக்கிட்டு சந்தைக்குப் போனேன்," என்றார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. நானும் நம்பிவிட்டேன்.

சில நாளில் அவர் மனைவி குழந்தையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "பொங்கலுக்கு வந்துட்டுப் போனவரு மேடம். ஆடியும் முடியப் போகுது. லீவு கேட்டா வேலை போயிரும்னு பயப்படுறாரு. நீங்க சொன்னா விடுவாகளா?"

உடனே அவர்களை அழைத்துக்கொண்டு பாருக்குப் போனேன். அவர் ஓடி வந்து, "வா தாயி," என்று கையை நீட்டினார். குழந்தை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"யாரும்மா இது?"

அன்றே நோட்டீஸ் கொடுத்தேன். அங்கே எல்லோருக்கும் வார விடுமுறை கிடைத்தது. அதன்பிறகு எந்தத் தொழிலாளியையும் முதலாளியை வைத்துக்கொண்டு நான் விசாரித்ததில்லை. ஆனாலும், நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அவர் நின்றது இன்னும் என் தூக்கத்தில் வருகிறது.