என் பெயரில் சலீம் நானா ஏறிய படிகள்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம். போர் முடிந்த அந்த வருஷம், வடதுருவக் கடலில் பனியுடைக்கும் கப்பலொன்றில் வேலை செய்தேன். அங்கே எனக்கு நடந்த உடல்தகுதிப் பரிசோதனையை நான் செய்யவில்லை. என் பெயரில் இன்னொருவர் செய்தார். நான் தேறினேன், அவர் வேலையை இழந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு வசனம் போதுமாக இருந்தது. நான் வேறு வசனத்தைச் சொன்னேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் இடது கையில் இருக்கிறது. சற்று முன்னர் மணிக்கூடு நடுங்கி, 'சலீம், எழுந்து நடக்கும் நேரம்' என்று முகத்தில் எழுத்து ஓடியது. என் பெயர் சலீம் அல்ல.

எழுந்து கீழே போனேன். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஓர் உடற்பயிற்சி அறை உண்டு. ரப்பர் விரிப்பும் பழைய வியர்வையும் கலந்த அதன் மணம் மூக்கில் ஏறினால் காலடியில் நிலம் ஆடுவது போலிருக்கும். கப்பலில் இருந்த அறைக்கும் இதே மணம். அது நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பனிக்கட்டிகள் உரசிக்கொண்டு போகும்போது, ஊரே சேர்ந்து தகரப் பேணிகளை மிதிப்பது போலச் சத்தம் வரும். பனியுடைக்கும் கப்பல் கத்தி போலப் பனியை வெட்டிக்கொண்டு போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. பின்னுக்கு வரும், ஓடிப்போய்ப் பனியின் மேல் ஏறி உட்காரும், தன் பாரத்தால் அதை நொறுக்கும். பிறகு மறுபடி பின்னுக்கு வரும். பருமனானவர்களுக்கு நம்பிக்கை தரும் தொழில்நுட்பம்.

ஆனால் அதற்குள் ட்ரெட்மில்லில் நடப்பது வேறு விஷயம். கப்பல் ஏறும்போது மலை, நொறுக்கி விழும்போது பள்ளம். முதல் கிழமையிலேயே நான் பின்பக்கமாகப் பறந்துபோய் எடைக்குண்டுகளின் நடுவில் உட்கார்ந்தேன். அன்றோடு தேகப்பயிற்சிக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவன். உராய்வைப் பற்றிப் பதினாறு வருஷம் வகுப்பெடுத்தவனுக்கு, கனடாவில் இயந்திர அறையில் உராயும் இடமெல்லாம் எண்ணெய் விடும் வேலை கிடைத்தது ஒருவகையில் நியாயம்தான். அறுபது பேர் இருந்த கப்பலில் மண்ணிறத் தோல்காரர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் சமையலறையில் இரண்டாம் சமையற்காரராக இருந்த சலீம் நானா, யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். ஊரில் எங்கள் வீடுகளுக்கிடையில் ஒரு மைல் தூரம்தான். ஆனால் முதன்முதலாகச் சந்தித்தது வெள்ளைக் கரடி பார்க்கும் இடத்தில்.

நானாவுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. மா மூட்டை கப்பலின் அடியில், அடுப்பு நாலு தட்டு மேலே. பனியுடைக்கும்போது லிஃப்ட் ஓடாது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணிப்படிகளில் ஆடு மாதிரி ஏறுவார். கப்பல் திரும்பும்போதெல்லாம் தொழும் திசை மாறுவதால் நாள்தோறும் தேநீரோடு மாலுமி அறைக்குப் போய் விசாரித்துக்கொண்டு வருவார். "இண்டைக்கு மக்கா கப்பலின்ர வால் பக்கம், மாஸ்டர்!" என்று எனக்கும் அறிவிப்பார், நானும் தொழப்போகிறவன் போல.

அந்த வருஷம் சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் தொடர்மாடியில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னாலும் தொலைபேசிக்குப் பக்கத்திலும் கிடந்தோம். போர் முடிந்து, தங்கச்சி குடும்பம் முகாமில் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நான் கப்பலேறினேன். வற்றிப்போய் வந்தவனைக் கண்டு நானா ரொட்டி சுடத் தொடங்கினார். அச்சாறும் செத்தல் மிளகாயும் வைத்து ஒரு சம்பல். இரண்டு மாதத்தில் என் பொத்தான்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. அவரோ, "மெலிஞ்சு போனியள் மாஸ்டர்" என்று இன்னொன்றைத் தட்டில் போடுவார்.

அப்போதுதான் அறிவித்தல் வந்தது. ஒரு தாதி ஹெலிகொப்டரில் வந்து எல்லோரையும் பரிசோதிப்பார், தேறாதவர் இறங்கவேண்டும். பரிசோதனை சின்னதுதான். இரண்டு படி வைத்த மரப்பெட்டி, பாட்டுப் போடும் ஒரு கருவி. தாளத்துக்கு மூன்று நிமிஷம் ஏறி இறங்கவேண்டும், பிறகு நாடி பார்ப்பார்கள். நான் இயந்திர அறை ஏணியில் ஒரு நிமிஷம் முயன்று பார்த்தேன். பகலிலேயே நட்சத்திரம் தெரிந்தது.

"என்னை இறக்கிப்போடுவினம் நானா" என்றேன்.

"இறக்கினா வீட்டை போங்கோவன். இந்த ஐஸ் பெட்டிக்குள்ள என்ன கிடக்கு?"

"வீட்டை போனா எல்லாரும் கேப்பினம்."

எங்கள் தொடர்மாடி லிஃப்டில் கண்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: உங்கட ஆக்கள்? கப்பலில் அந்தக் கேள்வி இல்லை. என் பயம் அவ்வளவுதான். நானா அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அந்த நேர்ஸ் மிஸ்ஸி எங்களை முன்னப் பின்னக் கண்டிருக்கிறாவோ?"

"இல்லை."

"கப்டன் என்னைக் கண்டா எஞ்சின் எப்பிடி எண்டு கேக்கிறார். உங்களைக் கண்டா சூப்புக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டிறார். ரெண்டு மாசம் ஒண்டா இருக்கிற மனிசனுக்கே இந்த வித்தியாசம்தான் தெரியுது. உங்கட நீலச் சட்டையைத் தாங்கோ."

அது நோன்பு மாதம். சூரியன் அங்கே தன் இஷ்டத்துக்கு நடந்ததால் நானா ரொறன்ரோ நேரத்துக்கு நோன்பு பிடித்துக்கொண்டிருந்தார். பகலில் ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சட்டையைக் கொடுத்தேன்.

ஹெலி வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் மேசைக்குக் கீழே பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். காலையில் என் பெயரைக் கூப்பிட்டபோது நானா என் சட்டைக் கைகளை மடித்து விட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். நான் அதற்குக் கீழே, மரக்கறி வைக்கும் குளிரறையில் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் ஒளிந்திருந்தேன். தலைக்கு மேலே தாளம் தவறாமல் டக், டக் என்று கேட்டது. மேலே நான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே நான் கரட் தின்றுகொண்டிருந்தேன்.

நானா திரும்பி வந்து அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்தார். பின்னேரம், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தன் முறைக்குப் போனார். தாதி அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்கள் தம்பி பிரமாதமாகச் செய்தார்" என்றாராம். மூன்றாம் நிமிஷத்தில் நானாவுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்த பிறகும் நாடி இறங்கவில்லை. நானாவின் ஆங்கிலம் சமையலறைக்கு மட்டும் போதுமானது. ஆகவே மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அவர் மரப்பெட்டியின் மேல் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தாதி என்னைப் பார்த்துப் பாராட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, "இவர் இன்று வேறு கடுமையான வேலை ஏதும் செய்தாரா என்று கேளுங்கள்" என்றார். நான் கேட்டேன்.

நானா என்னையே பார்த்தார். "நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்."

நான் தாதியிடம் திரும்பி, "ஒன்றுமில்லை என்கிறார்" என்றேன்.

அந்தளவு ஆங்கிலம் அவருக்கு விளங்கும். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருதயத்தில் சந்தேகம் என்று எழுதினார்கள். மூடுபனி வருகிறது, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஹெலி கிளம்பவேண்டும், அதில் இவரும் போகவேண்டும் என்று கப்டன் சொன்னார். உடுப்பு மடிக்க உதவப் போனேன். நானா சிரித்தார். "ஊரிலயும் ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவங்கள் மாஸ்டர். இஞ்ச பறவாயில்லை, பெட்டி கொண்டு போகலாமாம்."

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் தமிழ் இயக்கம் பட்டினத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது, நான் ஒரு மைல் தூரத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு வகுப்பை நிறுத்தினேன். வாயையும்தான்.

ஆஸ்பத்திரியில் நானாவின் நெஞ்சில் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் தற்காலிக வேலைக்காரரின் இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தப் பருவம் முடிந்திருந்தால் வேலை நிரந்தரமாகியிருக்கும், புத்தளத்தில் இருந்த மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூப்பிடும் அலுவல் சுலபமாகியிருக்கும். அவர்கள் வந்துசேர மேலும் நாலு வருஷம் பிடித்தது என்று யாரோ சொல்லக் கேட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

எனக்கு நடந்ததோ வேடிக்கை. நான் உண்மையாகவே ஆரோக்கியமானேன். குற்றவுணர்ச்சியைப் போலத் தேகப்பயிற்சி ஆசிரியர் உலகத்தில் இல்லை. அந்த மரப்பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் எழுந்துபோய் ஹெலி இறங்கும் தளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். புதிய சமையற்காரரின் அவித்த உருளைக்கிழங்கும் தன் பங்கைச் செய்தது. அடுத்த ஆறு பருவமும் என் காலாலேயே ஏறித் தேறினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இளைப்பாறி நெடுநாள் கழித்து, நடந்ததை எல்லாம் எழுதிக் கப்பல் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவ்வளவு பழைய பதிவுகள் தங்களிடம் இல்லை, என் சேவைக்கு நன்றி என்று பதில் வந்தது. முதியோருக்கான எளிய பயிற்சிகள் என்ற துண்டுப் பிரசுரத்தையும் உள்ளே வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், இரண்டு வருஷத்துக்கு முன்னர், நானா குடியிருந்த அஜக்சுக்கு ரயிலேறினேன்.

கதவைத் திறந்த நானாவுக்கு வயிறு வைத்திருந்தது. நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இதைச் சொல்லப் பதினாலு வருஷமோ மாஸ்டர்? எனக்கு ஏறின மூச்சு அண்டைக்கே இறங்கிட்டுது. உங்களுக்குத்தான் இன்னும் வாங்குது. உள்ள வாங்கோ, குளிர் வருது."

தேநீர் வந்தது. பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "மகள் எயார்போட்டில என்னைக் கண்டு 'அங்கிள்' எண்டவ. அவவுக்கு அப்ப பதின்மூண்டு வயசு. அது மட்டும் இன்னும் இறங்கேல்லை."

அவர்தான் பேச்சை மாற்றினார். தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றினார். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி மகள் ரிஸ்வானா கட்டிவிட்டதாம், எத்தனை அடி நடந்தார் என்று அவளுடைய ஃபோனில் விழுமாம்.

"பரிகாரம் செய்ய வந்தனீங்கள்தானே? அண்டைக்கு உங்களுக்காக நான் ஏறினன். இப்ப எனக்காக நீங்கள் நடவுங்கோ."

மறுத்திருக்கவேண்டும். ஒரு பிழையைத் திருத்த வந்தவன் அதே பிழையை மறுபக்கமாகச் செய்யக்கூடாது. ஆனால் கை நீட்டிவிட்டேன். நானா அஜக்சில் சாய்வு கதிரையில் இருந்து முறுக்குத் தின்ன, நான் ஸ்காபரோவில் கடைத்தொகுதியைச் சுற்றி நடந்தேன். "வாப்பா சூப்பர்!" என்று ரிஸ்வானா அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கிழமை அவளுடைய ஃபோன் அலறியது. வாப்பாவின் நெஞ்சுத் துடிப்பு இடையிடையே நின்று யோசிக்கிறது என்று மணிக்கூடு சொல்லியிருக்கிறது. வேலையை விட்டு ஓடிவந்து, முறுக்கும் கையுமாக இருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒட்டவேண்டியதை எல்லாம் நெஞ்சில் ஒட்டிப் பார்த்தார்கள். இருபது வயசுப் பொடியனின் நெஞ்சு என்றார்கள். தாதி ஒருத்தி சந்தேகப்பட்டு, "இதை வேறு யாரும் கட்டியிருந்தார்களா?" என்று கேட்டாளாம்.

நானா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஓம். அது என்ர நெஞ்சில்லை, மாஸ்டற்ற. கெதியாக அவரைக் கூப்பிடுங்கோ."

அடுத்த நாலு நாளுக்குள் எனக்கு பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் என் பரிசோதனைக்கு அவர்தான் போனார். அதே கேள்வி அவரிடம் வந்தது, அவர் உண்மையைச் சொன்னார்.

ரிஸ்வானா என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நானாவைப் பக்கத்துக் கதிரையிலும் வைத்து ஏசினாள். "அங்கிள், நீங்க ரீச்சர்தானே? பிள்ளையள் கொப்பி அடிச்சா என்ன செய்வீங்க?" வாப்பாவுக்கு வேறு மணிக்கூடு வாங்கினாள். பழையதில் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டபோது நானா தடுத்துவிட்டார். "விடு மகள். மாஸ்டர் கொஞ்ச நாளைக்குச் சலீமா இருக்கட்டும்."

அதன் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் அஜக்ஸ் ஏரிக்கரையில் சேர்ந்து நடந்தோம். கரையோரம் உறைந்திருந்தால் நானா சப்பாத்தால் அழுத்திப் பார்த்து, "பின்னுக்கு வந்து ஏறுவமோ மாஸ்டர்?" என்பார்.

எங்கள் கப்பலைப் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்களாம். நாங்கள் போன வழியில் கோடையில் உடைப்பதற்குப் பனியும் முன்போல் இல்லையாம். அந்த மரப்பெட்டி எங்கே போனதோ தெரியாது. போன தை மாதம், நித்திரையிலேயே, சலீம் நானா போய்விட்டார்.

மையவாடியில் பனி முழங்கால் வரை கிடந்தது. நானாவைக் கிடத்திய சந்தூக்கை ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். பேஸ்மேக்கர் இல்லாத பக்கத் தோளை நானும் கொடுத்தேன். பின்னால் வந்த ஒருவர், "அங்கிள், விடுங்கோ, உங்களுக்கு ஏலாது" என்றார்.

"ஏலும் தம்பி. இது என்ர முறை."

பதினொரு அடி. பன்னிரண்டாவதற்கு அவர் தன் தோளை நுழைத்து என்னை மெல்ல விலக்கிவிட்டார். மூச்சு வாங்க ஓரமாக நின்று கையைப் பார்த்தேன். அந்தப் பதினொன்றையும் மணிக்கூடு சலீமின் பெயரில்தான் எழுதியிருந்தது.