மங்கலாக நின்றவர்

இன்று எண்ணூர் பஸ்ஸில், போன வாரம் வாங்கிய புகைப்படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் நம் மீனவர்களின் முகங்கள், கறுப்பு வெள்ளையில்.

பக்கத்து ஸீட்டில் மீன்கூடையோடு இருந்த அக்கா ஒரு படத்தின் மேல் விரல் வைத்தார்.

"த்தோ, இது நான்தான். கத்திவாக்கத்துல வலை தெச்சிகினு இருந்தப்போ புட்ச்சாங்க."

அவரேதான். "ரொம்ப நல்லா வந்திருக்கீங்கக்கா" என்றேன்.

அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாக நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க வூட்டுக்காரரு. போன வருசம் கடலுக்குப் போனவரு, திரும்பி வரல. வூட்ல அவுரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. இந்த ஒரு தாள மட்டும் குடேன் நைனா."

நான் புத்தகத்தை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேன்க்கா."

எங்கே, எப்போது என்று அவர் கேட்கவில்லை. "சரி நைனா" என்று கூடையோடு திருவொற்றியூர் மார்க்கெட்டில் இறங்கிவிட்டார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த மங்கலைத்தான் 'அருமையான பின்னணி' என்று நேற்று இங்கே முகநூலில் எழுதினேன். நீங்களும் பாராட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துவிட்டேன். நல்ல புத்தகத்தைக் கெடுத்ததற்கு அப்புறம் திட்டுங்கள். கத்திவாக்கத்துக்காரர்கள் யாராவது, அந்த அக்காவின் வீடு எது என்று முதலில் சொல்லுங்கள்.