தடையில்லாச் சான்றும் ஒரு முட்டுவலியும்

குரூப் ஒன் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். யாரும் நம்பவில்லை, நான் உட்பட. ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நான். வயசு வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. எல்லாம் இருந்தது, துறை தரவேண்டிய தடையில்லாச் சான்று மட்டும் இல்லை. சர்க்காரில் வேலை பார்க்கிறவள் சர்க்காரிடமே வேறு வேலை கேட்க, சர்க்கார் சர்க்காருக்கு எழுதித் தருகிற காகிதம்.

அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் மேலலுவலகத்திலிருந்து வரவேண்டும். போனில் கேட்டால் சூப்பிரண்டு, "ஃபைல் மேல போயிருக்கும்மா" என்பார். அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பஸ் ஏறினேன். மேற்கே மலை கூடவே ஓடி வந்தது, யாரிடமும் அனுமதி கேட்காமல், மேகத்தைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு. பொறாமையாக இருந்தது. மடவார் வளாகம் கோயில் கோபுரத்தைக் கண்டதும் கும்பிடப் போன கையை இறக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம்தான் மனுக் கொடுப்பது?

சூப்பிரண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஃபைல் அவர் டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

"சார், எம்மேல என்ன கோவம்?"

"கோவம்லாம் இல்லம்மா. நீ பாஸாகி இங்கயே அதிகாரியா வந்துட்டா?"

"வந்தா என்ன?"

"நீ வந்தா எந்திரிக்கணும், போனா எந்திரிக்கணும், தும்முனாக்கூட எந்திரிக்கணும். எம் முட்டி தாங்குமா?"

"வேற ஜில்லா கேட்டு வாங்கிட்டுப் போயிருதேன் சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ. பொறவு அம்மாவுக்கு முடியலன்னு பக்கத்துலயே போஸ்டிங் வாங்கிருவாவ."

கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி உள்ளறையில் வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். எரிச்சலில் வாயில் வந்துவிட்டது:

"பாஸானாத்தான சார்? இன்டர்வியூல எவன் எனக்கு மார்க்குப் போடப் போறான்? நான் தேறவே மாட்டேன்."

சாதம் பிசைந்த கை நின்றது. "நெசமாவா?"

"சத்தியமா."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? இம்புட்டு அலைச்சல் உனக்கு."

கையைக் கழுவினார், குறிப்பு எழுதினார், தானே ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த நடையில் முட்டுவலியைக் காணோம். கையெழுத்தோடு வந்தார்.

சென்னையில் சரிபார்த்தார்கள். பொறவு இன்டர்வியூவும் முடிந்தது. இறுதிப் பட்டியலில் நான் இல்லை.

அன்று சூப்பிரண்டு அவராகவே போன் பண்ணினார், முதல் தடவையாக. "ஏம்மா, நீ ஒரு பேச்சுக்குச் சொன்னன்னுல்லா நினைச்சேன். நெசமாவே போச்சா?"

"சத்தியம் பண்ணிருந்தேன்லா சார்."

"அட, போம்மா" என்றார். எனக்கு முன்னால் அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்கிற மனநிலையில் நான் இல்லை.